வடகடலும் வஞ்சித் திணையும்

தொல்காப்பியர் புறத்திணைகளை வகுத்தபோது, ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் படையெடுத்துச் செல்வதற்குரிய காரணமாக மண்ணாசையையே எடுத்து வைத்தார். வஞ்சித் திணைக்கு அவர் கூறும் இலக்கணத்தில் பழம்பகைக்கோ பெண்கோளுக்கோ இடமில்லை. தீராத நிலவேட்கை ஒன்றே முன்நிற்கிறது. அத்திணையை அவர் முல்லைக்குப் புறனாக வைத்ததும் பொருத்தமே. மேய்ச்சலும் நீரும் நிழலும் உள்ள காட்டு நிலம் படை சென்று தங்குதற்கு ஏற்றது; விரும்புதற்கும் ஏற்றது.

இவ்விலக்கணத்தை இக்கால உலகில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகிறது. உழுவதற்கு மருதமில்லை, மேய்ப்பதற்கு முல்லையில்லை, குளிர்காலம் முழுதும் கதிரவன் தலைகாட்டுவதில்லை. உறைந்த கடலும் பனிப்பாளமுமாய்க் கிடக்கிறது வடதுருவப் பரப்பு. அதன்மேல் வல்லரசுகளுக்கு இத்தனை வேட்கை எங்கிருந்து வந்தது? தமிழ் மரபு பனிக்கு நிலம் ஒதுக்கவில்லை. முன்பனி, பின்பனி என இரண்டு பெரும்பொழுதுகளையே ஒதுக்கியது. நிலமாக எண்ணப்படாத ஒன்றின்மேல் மண்ணாசை பிறப்பது எவ்வாறு?

விடை தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மன்றம் கூடும் இந்த ரெட்டியார்பாளையத்திலிருந்தே தொடங்கலாம்.

ரெட்டியார்பாளையம் இன்று ஒழுகரை நகராட்சியைச் சார்ந்த பகுதி. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலை இதனூடே போகிறது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கோட்டைக்கு வெளியே, எல்லை வேலியை ஒட்டிக் கிடந்தது. நகர மதிலுக்கு அப்பால் சிறிது தொலைவில், கற்றாழையும் முட்செடிகளும் நெருங்க, இடையிடையே தென்னையும் பனையும் நிற்க, நகரை வளைத்துச் செல்லும் வேலி ஒன்றைப் பிரெஞ்சுக்காரர் வளர்த்திருந்தனர். சாலைகள் அதனைக் கடக்கும் இடங்களில் காவலரண்கள் இருந்தன. இலக்கியம் கற்றோர்க்கு இது புதுமையன்று. சங்கப் பாடல்கள் மிளை என்றும் காவற்காடு என்றும் கூறுவது இதுவே. 1760 செப்டம்பரில் ஒழுகரைப் பக்கத்து வேலியும் அதன் அரண்களும் ஆங்கிலேயப் படையின் கைக்குப் போயின. உணவு வரும் வழிகள் அடைபட்டன. அவ்வாண்டின் இறுதி இரவில் வீசிய பெரும்புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். ஆயினும் சில நாட்களுக்குள் மற்றக் கப்பல்கள் வந்து கடலை மீண்டும் அடைத்தன. 1761 ஜனவரி நடுவில் நகரம் பணிந்தது. பின்னர் மதில்களும் மாளிகைகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கால் நூற்றாண்டுக் காலம் இந்நகரின் நடப்புகளைத் தமிழில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அந்த ஜனவரியில்தான்.

புதுச்சேரி கைமாறிய கதையை முழுவதும் கூறின் ஒரு நாள் போதாது. 1693இல் டச்சுக்காரர் பறித்தனர். 1697ஆம் ஆண்டு ரைஸ்விக் உடன்படிக்கை அதனைப் பிரான்சுக்கு மீட்டுத் தந்தது. 1748இல் பாஸ்கவென் முற்றுகையிட்டுப் பயனின்றித் திரும்பினார். 1761இல் வீழ்ந்தது, 1763இல் பாரிஸ் உடன்படிக்கை மீட்டது. 1778இலும் 1793இலும் மறுபடி வீழ்ந்தது. 1816 டிசம்பரில் இறுதியாகப் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. ஊர் வீழ்ந்தது இம்மண்ணில். மீண்டது ஐரோப்பாவில் ஏதோ ஒரு மேசையின்மேல். அம்மேசையில் புதுச்சேரியோ சென்னையோ ஊராக வைக்கப்படவில்லை, காசாக வைக்கப்பட்டது.

இதற்குச் சென்னையின் கதையே தக்க சான்று. 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அதனைத் திருப்பித் தரலாகாது என்று புதுச்சேரிக் குவர்னர் துய்ப்ளே பிடிவாதமாக நின்றார். ஆனால் 1748இல் எக்ஸ்-லா-ஷப்பேல் நகரில் உடன்படிக்கை எழுதியவர்கள் சென்னையை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக லூயிபூர்க் என்னும் கோட்டையைப் பெற்றுக்கொண்டனர். அக்கோட்டை கானடாவின் கீழ்க்கரையில், குளிர்ந்த கடலோரத்தில் உள்ளது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தையும் காட் மீன் வளத்தையும் காவல் செய்வது அதன் பணி. சோழமண்டலக் கரையில் வெயிலில் காயும் ஒரு பட்டினமும், அட்லாண்டிக்கின் வடகரையில் மூடுபனியில் கிடக்கும் ஒரு கோட்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் நின்றன. 1763 உடன்படிக்கையிலும் இதே காட்சி. புதுச்சேரி திரும்பக் கிடைத்தபோது, கானடாவை இழந்த பிரான்சு, நியூபவுண்ட்லாந்துக்கு அருகே மீன் உலர்த்தும் இரண்டு சிறு தீவுகளை மட்டும் தனக்கென்று நிறுத்திக்கொண்டது. அவை இன்றும் பிரான்சுக்கே உரியன.

இவ்வளவு விலைக்கு உரியதாய் இக்கரையில் என்ன இருந்தது? பொன் விளையும் பூமியன்று இது. முதற்கண் துணி இருந்தது. நீலச் சாயம் தோய்த்த இவ்வூர்த் துணி ஆப்பிரிக்காவின் செனகல் கரைவரை சென்று பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. துணியைவிடப் பெரிது வழி. கப்பல் போகும் வழியில் தங்குமிடம் வேண்டும். அத்தங்குமிடம் எதிரிக்குக் கிட்டாதிருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது வேண்டுதல்தான் மண்ணாசைக்கு எல்லை இல்லாமல் செய்கிறது. தனக்குத் தேவையான நிலத்துக்கு ஓர் அளவு உண்டு. மாற்றானுக்குக் கிட்டக்கூடாத நிலத்துக்கு அளவு ஏது?

திரிகோணமலையை நோக்குக. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சலங்குகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றி இறக்கின. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் போர்க்கப்பல்கள் இக்கரையில் நிற்க இயலாது. பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீசியசுக்கும், ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்கும் போய் ஒதுங்கின. எல்லாப் பருவத்திலும் கப்பற்படை தங்கக்கூடிய ஒரே ஆழ்துறை இலங்கையின் கீழ்க்கரையில் உள்ள திரிகோணமலையே. 1782 ஜனவரியில் அதனை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து பிடித்தனர். ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சுப்ரான் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி கைக்கொண்டு, இலங்கை விடுதலை பெற்ற பின்னும் 1957வரை அங்கே கடற்படைத் தளத்தை விடாமல் வைத்திருந்தனர். திரிகோணமலையில் நெல் விளைகிறதா, மக்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அம்மூவரில் எவர்க்கும் பொருட்டாக இருந்ததில்லை.

இனி வடக்கே போகலாம். போகும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஐரோப்பியர் வடகடலுக்குள் முதன்முதல் நுழைந்தது அக்கடலை விரும்பி அன்று, இக்கடலை விரும்பியே.

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரும் வழி போர்ச்சுக்கீசியர் பிடியில் இருந்த காலம் அது. வடக்கே உறைபனிக்கு ஊடாக ஒரு வழி இருக்குமாயின், மிளகும் துணியும் பட்டும் விளையும் நாடுகளைக் குறுக்கே போய் அடையலாம் என்பது ஆங்கிலேயர், டச்சுக்காரர் இருவரின் கனவு. 1553இல் வில்லோபி என்னும் ஆங்கிலேயர் அவ்வழி தேடிப் போய்த் தம் மாலுமிகளோடு குளிரில் இறந்தார். 1596இல் வில்லெம் பாரெண்ட்ஸ் என்ற டச்சு மாலுமி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டார். பின்னர் நோவயா ஸெம்லியா தீவில் கப்பல் பனியில் சிக்கியது. மிதந்து வந்த மரங்களால் குடில் கட்டி ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். மறு ஆண்டு கோடையில் திறந்த படகுகளில் திரும்பும் வழியில் பாரெண்ட்ஸ் இறந்தார். அதே 1596இல் இன்னொரு டச்சுக் கப்பற்கூட்டம் தென்முனை வழியாக ஜாவாவை அடைந்துவிட்டது. வழி கிடைத்த பின் டச்சுக்காரர் பழவேற்காட்டுக்கு வந்தனர்; நாகப்பட்டினத்துக்கு வந்தனர்; புதுச்சேரிக்கும் வந்தனர். பாரெண்ட்ஸ் வழியைக் கண்டிருந்தால் அவர்கள் இக்கரைக்கு வடக்கிலிருந்து வந்திருப்பர் என்பதே வேற்றுமை. ஆகவே வடதுருவத்தின்மேல் எழுந்த முதல் வேட்கை தமிழ்நாட்டுத் தறியிலும் மலையாளக் கரையின் மிளகுக் கொடியிலும் பிறந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

1878இல் புறப்பட்ட வேகா என்னும் கப்பலில் சுவீடன் நாட்டு நார்டென்ஷெல்டு அவ்வழியை முதன்முதலாக முழுதும் கடந்தார். பனியில் பத்து மாதம் சிக்கி, 1879இல் பசிபிக்கை அடைந்து, இலங்கையின் காலித் துறையில் தங்கி, பத்தாண்டுகளுக்கு முன் திறந்திருந்த சூயஸ் வழியாக வீடு திரும்பினார். சூயஸ் திறந்திருந்ததால், வடவழி வணிகர்க்கு அப்போது வேண்டாததாயிற்று.

வடக்கையும் தமிழ்க்கரையையும் பிணைத்த அரசு ஒன்று உண்டு, அது டென்மார்க்கு. காரைக்காலுக்குத் தெற்கும் வடக்கும் அறிந்தோர் தரங்கம்பாடியை அறிவர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு டேனியர் அங்கே கோட்டை கட்டினர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் அச்சு வரலாற்றில் அவர்க்குள்ள இடம் இங்குள்ளோர் அறிந்ததே. அதே மன்னர் 1721இல் ஹான்ஸ் எகெடே என்னும் சமயப் பணியாளரைக் கிரீன்லாந்துக்கு அனுப்பினார். கோப்பன்ஹேகனில் 1714இல் நிறுவப்பெற்ற சமயப்பணிக் கழகம் இரண்டு பணிகளையும் மேற்பார்த்தது. ஒரே அலுவலகத்தின் ஏடுகளில் தரங்கம்பாடித் தமிழரும் கிரீன்லாந்தின் கடல்நாய் வேட்டைக்காரரும் அடுத்தடுத்து இடம்பெற்றனர்.

1845இல் டென்மார்க்கு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் ஆங்கிலக் கும்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. அங்கிருந்த எவரையும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஆங்கிலேயரான சர் ஜான் பிராங்க்லின், அமெரிக்காவின் வடக்கே பசிபிக்குக்கு வழி தேடி இரண்டு கப்பல்களில் போனார். பனிக்குள் சென்ற 129 பேரில் ஒருவரும் மீளவில்லை. ஆங்கிலேயர்க்குத் தெற்கில் வாங்கக் கிடைத்தது; வடக்கில் அப்போது கிடைக்கவில்லை. வடக்கிலும் வாங்கல் விற்றல் பின்னர் நடந்தது. 1867இல் உருசியா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. 1917இல் டென்மார்க்கு தன் மேற்கிந்தியத் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. அப்பேரத்தின் ஒரு பகுதியாகக் கிரீன்லாந்து முழுதும் டென்மார்க்கு தன் ஆளுகையை விரிக்க அமெரிக்கா தடை சொல்லாதென ஒப்புக்கொண்டது. 1946இல் அமெரிக்காவே பத்துக் கோடி டாலருக்குக் கிரீன்லாந்தை விலைக்குக் கேட்டது, டென்மார்க்கு மறுத்தது. 2019இலும் 2025இலும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அதே விருப்பத்தை வெளியிட்டார். அந்நாடு விற்பனைக்கு இல்லை, அது அங்குள்ள மக்களுடையது என்று டென்மார்க்கு விடை கூறியது. தரங்கம்பாடியில் நின்று அவ்விடையைக் கேட்பவர்க்கு ஒரு புன்முறுவல் தோன்றாமல் இராது. எனினும் அவ்விடை சரியானது.

இப்போது ஏன் இந்தப் பழம்பேரம் புதிதாகத் தொடங்கியது? பனி உருகுகிறது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய 1979க்குப் பின், கோடை இறுதியில் எஞ்சும் கடற்பனி 2012 செப்டம்பரில் மிகக் குறைந்த அளவை எட்டியது. 34 லட்சம் சதுரக் கிலோமீட்டர். 1980களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதி. பாரெண்ட்சுக்கு மூடிக்கிடந்த கதவு ஆண்டில் சில மாதங்கள் திறக்கிறது. யோக்கோஹாமாவிலிருந்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாக ஏறத்தாழ 11,000 கடல்மைல். உருசியாவின் வடகரை வழியாக 7,000க்குச் சற்று மிகுதி. 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் சூயஸை அடைத்தபோதும், 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோதும் இவ்வடவழியின் பேச்சு ஓங்கியது. பேச்சு ஓங்கிய அளவுக்குப் போக்குவரத்து ஓங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2024இல் அவ்வழியில் சென்ற சரக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன். அதில் பெரும்பகுதி உருசியாவின் எண்ணெயும் எரிவாயுவுமே. சென்னையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ ஐரோப்பா செல்லும் கப்பலுக்கு அவ்வழியால் ஒரு நாள்கூட மிச்சமாகாது.

நிலத்தடிச் செல்வம் அடுத்து வருகிறது. உலகில் இன்னும் கண்டெடுக்கப்படாத எண்ணெயில் 13 விழுக்காடும், எரிவாயுவில் 30 விழுக்காடும் வடதுருவ வட்டத்துக்குள் இருக்கக்கூடுமென்று அமெரிக்க நில அளவைத் துறை 2008இல் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கடலுக்கு அடியில். கடலடி யாருடையது என்ற வழக்கு அதனால் மூண்டது. ஐக்கிய நாடுகளின் கடற்சட்டப்படி கரை நாட்டுக்கு 200 கடல்மைல்வரை பொருளுரிமை உண்டு. தன் கண்டத்திட்டு அதற்கப்பாலும் நீள்கிறதென நிலவியல் சான்று காட்டினால் கடலடிமேல் மேலும் உரிமை உண்டு. துருவத்தின் அடியே கிடக்கும் லோமோனோசோவ் மலைத்தொடர் தன் நிலத்தின் நீட்சி என்று உருசியா 2001இல் கூறியது. கிரீன்லாந்தின் நீட்சி என்று டென்மார்க்கு 2014இல் கூறியது. தன்னுடையது என்று கானடா 2019இல் கூறியது. உழிஞைப் போர் இங்கே மதிலைச் சுற்றி நடக்கவில்லை, கடலடிக் கல்லின் வயதைச் சுற்றி நடக்கிறது. 2007 ஆகஸ்டில் உருசியர் நீர்மூழ்கிக் கலத்தில் 4,200 மீட்டருக்கும் கீழே சென்று துருவத்தின் அடியில் டைட்டானியக் கொடி ஒன்றை நட்டனர். கொடி நட்டு நிலம் பிடிக்கும் காலம் போயிற்று என்று கானடாவின் வெளியுறவு அமைச்சர் கடிந்துகொண்டார். அவர் நாடே கொடிக்கு மாற்றாக எவற்றை நட்டது என்பது பின்னே வரும்.

எல்லாம் இவ்வளவு கடுமையாக நடந்தன என்பதற்கில்லை. கிரீன்லாந்துக்கும் கானடாவுக்கும் நடுவே 1.3 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ஹான்ஸ் தீவு என்னும் மொட்டைப் பாறை உண்டு. 1984 தொடங்கி இரு நாட்டாரும் மாறி மாறி அங்கே போவர். மற்றவர் கொடியைக் கழற்றித் தம் கொடியை நட்டு, தம் நாட்டு மதுப்புட்டி ஒன்றை வைத்துவிட்டு வருவர். 2022 ஜூனில் பாறையைப் பங்கிட்டுக்கொண்டனர். வெட்சித் திணையின் உண்டாட்டுத் துறைக்கு இதைக்காட்டிலும் இனிய இக்கால எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

படை வலிமை பற்றிய செய்தியோ இனியதன்று. அமெரிக்காவுக்கும் உருசியாவுக்கும் இடையே ஏவுகணைக்குரிய குறுக்குவழி துருவத்தின்மேல் செல்கிறது. உருசியாவின் அணுநீர்மூழ்கிகளில் பெரும்பகுதி கோலா தீபகற்பத்தில் தங்குகின்றன. வடமேற்குக் கிரீன்லாந்தில் துலே என்ற பெயரில் அமைந்து 2023இல் பிட்டுபிக் எனப் பெயர் மாறிய அமெரிக்கத் தளம் வரும் ஏவுகணையைப் பார்த்திருக்கும் கண். பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் நேட்டோவில் சேர்ந்தபின், வடதுருவ நாடுகள் எட்டில் உருசியா நீங்கலாக ஏழும் ஒரே அணி. வடதுருவத்தில் ஓரங்குல நிலமும் இல்லாத சீனா 2018இல் தன்னை வடதுருவத்தை அடுத்த நாடு என்று வெள்ளையறிக்கையில் குறித்துக்கொண்டது. இவற்றிலெல்லாம் திரிகோணமலைக் கணக்கே திரும்புகிறது. தனக்கு வேண்டும் என்பதைவிட மற்றவனுக்குக் கூடாது என்பதே மிகுதி.

இந்தியாவும் இங்கே முற்றிலும் அயலார் அன்று. ஸ்பிட்ஸ்பெர்கன் உள்ளிட்ட ஸ்வால்பார்டு தீவுகள் நார்வேக்கு உரியன என்றும், கையெழுத்திட்ட நாட்டு மக்கள் எல்லாரும் அங்கே தொழில் செய்யலாம் என்றும் 1920 பிப்ரவரியில் பாரிசில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் பிரிட்டன் இந்தியாவையும் சேர்த்தே கையெழுத்திட்டது. அடிமை நாட்டின் பெயரால் பிறர் இட்ட கையெழுத்து விடுதலை பெற்ற நாட்டுக்குப் பயன்பட்டது. 2008இல் அத்தீவில் ஹிமாத்ரி என்னும் இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2013இல் இந்தியா வடதுருவ மன்றத்தின் பார்வையாளர் ஆயிற்று. 2014இல் அங்குள்ள கடற்கழியில் இறக்கப்பட்ட நீரடி ஆய்வுக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு. வடதுருவப் பனிக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது 2022 மார்ச்சில் வெளியான இந்திய வடதுருவக் கொள்கையின் நோக்கங்களில் ஒன்று. எண்ணெயை நோக்கும் கண்கள் பல உள்ள இடத்தில் மழையை நோக்கும் கண்ணும் ஒன்று இருப்பது நன்று.

மண்ணைப் பற்றி இவ்வளவும் சொன்னபின் மண்மேல் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று.

1760 நவம்பர் இறுதியில் முற்றுகைக்குள் கிடந்த புதுச்சேரியில் உணவு அருகியது. படைவீரர்க்கு உணவு மிஞ்சவேண்டும் என்று பிரெஞ்சுத் தளபதி லாலி, நகரில் எஞ்சியிருந்த தமிழ் மக்கள் 1,400 பேரை மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவடைத்தார். எல்லை வேலியோரம் நின்ற ஆங்கிலக் காவலர் அவர்களைக் கடக்கவிடவில்லை. திரும்பி ஓடிவந்தோர்க்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை. ஆணும் பெண்ணும் குடும்பம் குடும்பமாய், ஒரு காவலிடத்திலிருந்து இன்னொரு காவலிடத்துக்கு அலைந்து, புல்லின் வேரைத் தோண்டித் தின்று எட்டு நாள் கிடந்தனர். அதன் பின்னரே ஆங்கிலேயர் வழிவிட்டனர். இதனை எழுதி வைத்தவர் இராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர். இது நிகழ்ந்த நிலம், மதிலுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலம், இன்று வீடும் கடையும் பள்ளியுமாய் ரெட்டியார்பாளையத்துக்கும் நகருக்கும் இடையே நிறைந்திருக்கிறது. மதிலை வளைத்தவனுக்கு உழிஞை உண்டு. மதிலைக் காத்தவனுக்கு நொச்சி உண்டு. இரண்டுக்கும் நடுவே நின்றவர்க்குத் துறை வகுக்கப்படவில்லை. ஆனந்தரங்கரைப் பாடக் கவிஞர் இருந்தனர். அந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை. இங்கே கூடியிருக்கும் கவிஞர்க்கு அத்துறை இன்னும் திறந்தே கிடக்கிறது.

வடக்கிலும் அப்படி நடுவில் நின்றவர் உண்டு. 1953இல் துலே தளத்தை விரிவுபடுத்துவதற்காக, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சில நாள் அவகாசத்தில் டேனிய அரசு பெயர்த்து, நூறு கிலோமீட்டருக்கும் வடக்கே அனுப்பியது. அதே 1953இல் கானடா வேறொன்று செய்தது. தன் வடகோடித் தீவுகளில் மக்கள் இல்லையெனில் உரிமை கேள்விக்குள்ளாகும் என்ற கவலையும் கலந்திருக்க, கியூபெக்கின் வடபகுதி இனுயிட் குடும்பங்கள் சிலவற்றை 2,000 கிலோமீட்டர் வடக்கே, மாதக்கணக்கில் இருள் சூழும் தீவுகளில் கொண்டுபோய் இறக்கியது. ஓரிடத்தில் தளத்துக்காக மக்களைப் பிடுங்கினர். ஓரிடத்தில் கொடிக்கம்பமாக மக்களை நட்டனர். டென்மார்க்குத் தலைமையமைச்சர் 1999இல் மன்னிப்புக் கேட்டார். கானடா அரசு 2010இல் கேட்டது.

எஸ்கிமோ என்று உலகம் அழைத்த அம்மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் இனுயிட். மக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். 1977இல் அலாஸ்கா, கானடா, கிரீன்லாந்து இனுயிட்டுகள் கூடித் தமக்கென ஒரு பேரவை கண்டனர். 1996இல் வடதுருவ மன்றம் அமைந்தபோது எட்டு நாடுகளோடு ஒரே மேசையில் அமரும் இடம் பழங்குடி அமைப்புகளுக்குக் கிடைத்தது. இன்று அவை ஆறு. முடிவெடுக்கும் உரிமை எட்டு அரசுகளுக்கே. ஆயினும் எக்ஸ்-லா-ஷப்பேல் மேசையில் சென்னைக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். 2022இல் உக்ரைன் போரையொட்டி மற்ற ஏழு நாடுகள் உருசியாவோடு அமர மறுத்தபோது, அப்பழங்குடியினரின் பேச்சும் இடையில் நின்றது.

புதுச்சேரி மக்களைக் கேட்பதற்கு 1954 அக்டோபர் 18 வரவேண்டியிருந்தது. ரெட்டியார்பாளையத்துக்கு மேற்கே கீழூரில், மக்கள் தேர்ந்தெடுத்த பேராளர் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170; எதிராக 8. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. 1693 தொடங்கி இத்தனை முறை கைமாறிய ஊரில், வெடிமருந்து மணக்காமல் நடந்த இக்கைமாற்றம்தான் ஊராரைக் கேட்டு நடந்தது.

கிரீன்லாந்தின் பரப்பு 21 லட்சம் சதுரக் கிலோமீட்டருக்கும் மிகுதி. மக்கள்தொகை ஏறத்தாழ 57,000. ஒழுகரை நகராட்சியில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சம் பேர் இருந்தனர். அந்த 57,000 பேர் விரும்பினால் வாக்கெடுப்பின் வழியே தனிநாடு ஆகலாம் என்று 2009ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. 2025 மார்ச்சில் அங்கே தேர்தல் நடந்தது. சில நாட்களில், விடுதலையை விரைவாக வேண்டுவோரும் மெதுவாக வேண்டுவோருமாகிய ஐந்து கட்சித் தலைவர்களும் ஒன்றுகூடி, தம் நாட்டைத் தனதாக்கிக்கொள்ள நினைக்கும் அமெரிக்கப் பேச்சை ஏற்கமாட்டோம் என்று கூட்டறிக்கை விடுத்தனர்.

அதே 2009 சட்டம் கிரீன்லாந்தியத்தை அந்நாட்டின் ஒரே ஆட்சிமொழி ஆக்கியது. பசுமை நாடு என்ற பொருளுடைய கிரீன்லாந்து என்னும் பெயர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியேற ஆள் சேர்ப்பதற்காக எரிக் என்ற வடநாட்டான் வைத்ததெனப் பழங்கதை கூறும். அம்மக்கள் தம் மொழியில் அதனைக் கலாலிட் நுனாட் என்பர். கலாலிட் மக்களின் நிலம் என்பது அதன் பொருள். அரசு ஏடுகளில் பாண்டிச்சேரி என்றிருந்த பெயர் புதுச்சேரி ஆனது 2006 அக்டோபரில்.